சேற்றுப் பட்டும் தக்வாவின் ஆடையும்



சீனா என்ற சொல்லும் ஆடை என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், நம் மக்களின் உள்ளத்தில் தோன்றுவது மலிவு விலைதான். நாம் விரிக்கும் முஸல்லா, பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு, அபாயா தைக்கும் கறுப்புத் துணி எனப் பலவும் அந்நாட்டுத் தறிகளிலிருந்து வருகின்றன. ஆயினும், உலகிற்கெல்லாம் துணி நெய்து அனுப்பும் அந்நாட்டில், "எங்களுக்குரிய ஆடை எது?" என்று கேட்டு விடை தேடிய வடிவமைப்பாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்துள்ளனர் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

துணி வாணிபத்தின் பொருட்டுக் கணவன் மனைவியாக நாங்கள் குவாங்சோ நகரில் ஆறாண்டுகள் வாழ்ந்தோம். எங்கள் மகள் அங்கேதான் வளர்ந்து பருவம் எய்தினாள். பகலில் சோங்டா துணிச்சந்தையின் முடிவில்லாத கடைவரிசைகள். வெள்ளிக்கிழமைகளில் ஷியான்ஷியான் பள்ளிவாசல். அந்த ஜும்ஆ வரிசைகளில் மேற்கு ஆப்பிரிக்கச் சகோதரர்களின் அகன்ற அங்கிகளும், அரபுகளின் தோப்பும், பாகிஸ்தானியரின் சல்வாரும், ஹுய் முஸ்லிம்களின் வெண்தொப்பியும், நம்மவரின் முழுக்கால் சட்டையும் தோளோடு தோள் நின்றன. கிப்லா ஒன்று; உடுப்புகள் பல. அவ்வரிசையைக் கண்டு பழகிய கண்களோடுதான் சீனரின் ஆடைக்கலையையும் நாங்கள் கவனிக்கத் தொடங்கினோம்.

சீனரின் ஆடை வரலாறு அறுபட்டும் ஒட்டப்பட்டும் வந்த ஒன்று. 1912இல் குடியரசு பிறந்தபின் மன்னராட்சிக் கால அங்கிகள் வழக்கொழியத் தொடங்கின. சுன் யாட்-சென் பெயரால் அறியப்படும் நான்கு பைச் சட்டை ஆண்களிடையே பரவியது. 1920களில் ஷாங்காய் நகரப் பெண்கள் சிபாவ் என்னும் நெடிய அங்கியை அணிந்தனர். திரைப்படங்களில் நாம் காணும், உடலை இறுக்கிப் பிடித்து இருபுறமும் பிளந்த வடிவம் பின்னர் வந்தது. தொடக்கக்காலச் சிபாவ் தளர்வானது. கைகள் மணிபோல் அகன்றவை. 1949க்குப் பிறகு நீலமும் சாம்பலும் பச்சையுமாக நாடே ஏறத்தாழ ஒரே உடுப்பில் நின்றது. 1978இல் பொருளாதாரக் கதவுகள் திறந்தபின் மேற்கத்திய உடைகள் வெள்ளமென நுழைந்தன. தொழிற்சாலைகள் பெருகின, அவற்றில் தைக்கப்பட்ட சட்டைகளின் கழுத்துப் பட்டியிலோ பிறநாட்டாரின் பெயர்கள்.

இந்நிலையில் எழுந்தவர்களுள் ஒருவர் மா கே என்னும் பெண்மணி. 1996இல் குவாங்சோவில் தொடங்கப்பட்ட "எக்ஸெப்ஷன்" நிறுவனத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். வணிகத்தில் வென்ற பின்னர், 2006இல் "வூயோங்" என்ற மற்றொரு முயற்சியைத் தொடங்கினார். அச்சொல்லுக்குப் "பயனற்றது" என்று பொருள். கையால் நூற்று, கையால் நெய்து, இயற்கைச் சாயமிட்டுத் தைத்த உடைகளை உருவாக்கினார். 2007இல் பாரிஸ் நகரில் அவர் காட்சிக்கு வைத்த உடைகள் சில காலம் மண்ணில் புதைக்கப்பட்டு, மண்ணின் கறையையும் காலத்தின் தடத்தையும் ஏற்றவை. திரைப்பட இயக்குநர் ஜியா ஜாங்கே அவரது பணியை மையமாகக் கொண்டு அதே ஆண்டில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2013இல் சீன அதிபரின் துணைவியார் பெங் லியுவான் மாஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியபோது அணிந்திருந்தது, வெளிநாட்டுப் பெருநிறுவனங்களின் உடையன்று. "எக்ஸெப்ஷன்" தைத்த எளிய கருநீல மேலங்கி. மறுநாள் நாடெங்கும் அந்த மேலங்கியைப் பற்றியே பேச்சு.

மா கேயின் பணியில் எங்களை ஈர்த்தது அதன் புதுமையைக் காட்டிலும் அதன் பொறுமை. ஆண்டுக்கு நான்கு முறை பழையதை எறிந்து புதியதை வாங்கு என்று சந்தை கூறும்போது, பல்லாண்டுகள் உடுத்தத்தக்க ஒன்றைச் செய்ய அவர் முயல்கிறார். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுவது, தொழுமிடங்களில் உங்களை அலங்கரித்துக்கொள்ளுங்கள் என்று கூறும் அதே வசனத்தில்தான் (7:31). அலங்காரத்திற்கு அனுமதியும் விரயத்திற்குத் தடையும் அருகருகே அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது.

குவாங்சோவிற்குத் தெற்கே உள்ள ஷுண்டே பகுதியில் "சியாங்யுன்ஷா" என்னும் பட்டு உருவாகிறது. வெள்ளைப் பட்டை ஒருவகைக் காட்டுக்கிழங்கின் துவர்ப்புச் சாற்றில் தோய்த்து, புல்தரையில் விரித்து வெயிலில் உலர்த்துகிறார்கள். மீண்டும் தோய்த்தல், மீண்டும் உலர்த்தல் எனப் பலமுறை இது தொடர்கிறது. பின்னர் ஆற்றுச் சேற்றை ஒரு புறத்தில் மட்டும் பூசுகிறார்கள். சேற்றிலுள்ள இரும்பும் கிழங்கின் துவர்ப்பும் வினைபுரிய, அப்புறம் மின்னும் கருமை அடைகிறது; மறுபுறம் செம்பழுப்பாகவே நிற்கிறது. அதனை ஆற்று நீரில் கழுவி உலர்த்துகிறார்கள். மழை வந்தால் வேலை நிற்கும். வெயில் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறும். ஒரு காலத்தில் தென்சீனத்தின் வெப்பத்திற்கு ஏற்ற உடுப்பாக இருந்த இத்துணி, மறையும் நிலையை எட்டியது. 1990களில் லியாங் சி என்னும் வடிவமைப்பாளர் இதனைக் கண்டெடுத்துத் தம் உடைகளில் கையாண்டு உயிர்ப்பித்தார். 2008இல் சீன அரசு இச்சாயக்கலையைத் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அத்துணியில் ஒரு நீண்ட மேலங்கி எங்கள் வீட்டிற்கும் வந்தது. எங்களில் ஒருவருக்கு அது ஆகும், மற்றவருக்கு ஆகாது. பட்டு, நம் சமுதாயத்துப் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்டது, ஆண்களுக்குத் தடுக்கப்பட்டது. கடைக்காரப் பெண்மணியிடம் இதனை விளக்கியபோது அவர் வியந்து, "அப்படியானால் உங்கள் மார்க்கம் பெண்களுக்குத்தான் நல்லதை ஒதுக்கியிருக்கிறது" என்று சிரித்தார். கறுப்பாக இருந்தும் அந்த மேலங்கி இருண்டதாகத் தோன்றவில்லை. நடக்கையில் மெல்லிய ஓசை எழும். உடுத்த உடுத்த மென்மை கூடும்.

சீன ஆடைக்கலையின் மறுமுனையில் குவோ பெய் நிற்கிறார். 2015இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சீனா பற்றிய ஆடைக் கண்காட்சி நடந்தபோது, பாடகி ரிஹானா அணிந்து வந்த மஞ்சள் அங்கி அவருடையது. இரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அந்த உடையின் எடை ஏறத்தாழ 25 கிலோ. சீனத் தையற்கலையை உலகின் கண்முன் நிறுத்திய கைத்திறன் அது. அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், பிறர் கண்களைத் தன்பால் இழுப்பதற்கென்றே அணியும் புகழாடை குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்துள்ளார்கள் என்பதையும் நாம் மறந்துவிட இயலாது. அருங்காட்சியகத்தில் பார்க்க ஒன்று, உடுத்திக்கொள்ள ஒன்று என்று பிரித்தறியும் பார்வை நமக்கு வேண்டும். திருமண மண்டபங்களில் ஒரு நாளுக்காக வாங்கி, மறுநாள் பெட்டியில் அடைபடும் நம் கல்லாடைகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவில் இன்றைய தலைமுறை உழைக்கிறது. உமா வாங், சுருங்கியும் மங்கியும் தோன்றும் துணிகளில் தளர்வான நீண்ட உடைகளை அமைத்து மிலானிலும் பாரிஸிலும் காட்சிக்கு வைத்தார். சாமுவேல் குய் யாங், நின்ற கழுத்துப் பட்டியையும் பக்கவாட்டு மூடலையும் எடுத்து இன்றைய அலுவலகப் பெண்களுக்கேற்ற உடையாக்கினார். இவர்களுக்கு வெளியே, தெருவிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 2003இல் செங்சோ நகரில் இளைஞர் ஒருவர் ஹான் மரபு அங்கி அணிந்து தெருவில் நடந்தது செய்தியாகி, பழைய உடைகளை மீட்கும் இயக்கமாக வளர்ந்தது. 2022இல் பிரெஞ்சு நிறுவனமொன்று வெளியிட்ட மடிப்புப் பாவாடை, மிங் காலத்தின் "குதிரைமுகப் பாவாடை"யைப் பிரதியெடுத்தது என்று சீன மாணவர்கள் பாரிஸில் கண்டனம் தெரிவித்தனர். அதன்பின் அப்பாவாடைக்கு எழுந்த தேவையை ஷாண்டோங் மாகாணத்தின் சாவ் மாவட்டத்துத் தையற்கூடங்களே பெருமளவில் நிறைவு செய்கின்றன. இன்று "புதுச் சீனப் பாணி" என்ற பெயரில், துணியை முறுக்கி முடிச்சிட்ட பொத்தான்களும் நின்ற கழுத்தும் கொண்ட மேற்சட்டைகளை இளையோர் அன்றாடம் அணிகின்றனர்.

குதிரைமுகப் பாவாடையின் அமைப்பு எங்கள் மகளைப் பெரிதும் கவர்ந்தது. இரண்டு தனித்துணிகள் ஓர் இடுப்புப் பட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். முன்னும் பின்னும் தட்டையான பகுதி, இருபக்கங்களிலும் மடிப்புகள். கணுக்கால் வரை நீளும், உடலை ஒட்டாது, நடப்பதற்கும் ருகூஉ, ஸுஜூது செய்வதற்கும் இடையூறு தராது. மடிப்பில்லாத நீண்ட மேற்சட்டையையும் மார்பை மறைக்கும் தலைத்துணியையும் அதனோடு சேர்த்து அவள் உடுத்தினாள். தடித்த துணி, மங்கிய பச்சை நிறம். டிராகனும் பீனிக்ஸ் பறவையும் தைத்த பாவாடைகளை விலக்கி, மூங்கில் இலைகள் பின்னியதைத் தேர்ந்தாள். உயிரினங்களின் உருவங்கள் பற்றிய நம் மார்க்கத்தின் பேணுதலை நாங்கள் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஊர் திரும்பிய முதல் ரமலானில், பெண்கள் கூடிய மஜ்லிஸ் ஒன்றிற்கு அவள் அவ்வுடையில் சென்றாள். மூத்த பெண்மணி ஒருவர் பலர் முன்னிலையில், "இது சீனாக்காரி உடுப்பு, முஸ்லிம் உடுப்பு இல்லை. கறுப்பு அபாயா கிடைக்கலையா?" என்றார். அன்பினால் கூறியிருக்கலாம், ஆனால் அச்சொல் தைத்தது. மறுவாரம் அவள் மஜ்லிஸுக்குக் கிளம்பவில்லை.

"வாப்பா, அல்லாஹ்வுக்குப் பிடிக்காதது இதுல என்ன இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க, நான் மாத்திக்கறேன்" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் இந்தக் கட்டுரை. விருப்பமும் மார்க்கமும் பகையென்று ஒரு பெண்பிள்ளை எண்ணத் தொடங்கினால், அவள் இழப்பது ஓர் உடையை மட்டுமன்று. மஜ்லிஸை இழப்பாள், பின்னர் அதில் ஓதப்படுவதையும் இழப்பாள்.

நாங்கள் நபிவழியைப் புரட்டினோம். ஒரு பயணத்தின்போது நபியவர்கள் ஷாம் நாட்டு ஜுப்பா ஒன்றை அணிந்திருந்தார்கள். அதன் கைகள் இறுக்கமாக இருந்தமையால், உளூச் செய்வதற்குக் கைகளைக் கீழ்ப்புறமாக வெளியே எடுக்க நேர்ந்தது என்று முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாம் அன்று ரோமர்களின் ஆளுகையில் இருந்த நாடு. தையல் எவருடையது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

உம்மு காலித் (ரலி) அவர்களின் நிகழ்வு அதனினும் இனியது. வேலைப்பாடுள்ள சிறிய கறுப்பு ஆடை ஒன்று வந்தபோது, நபியவர்கள் அச்சிறுமியை அழைத்துவரச் செய்து, தம் கையாலேயே அதனை அணிவித்து, அது நைந்து பழகும்வரை வாழ வாழ்த்தினார்கள். அதன் வேலைப்பாட்டைச் சுட்டி, அழகாயிருக்கிறது என்று அபிசீனிய மொழியில் கூறினார்கள்; அவள் பிறந்தது அந்நாட்டில். குழந்தை அறிந்த மொழியிலேயே அவள் உடையைப் பாராட்டிய அண்ணலாரின் உம்மத்தினர் நாம்.

மறுபுறமும் உண்டு. கோலம் பொறித்த ஆடை ஒன்றில் தொழுதபோது அதன் கோலங்கள் கவனத்தை ஈர்த்தமையால், அதனை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு அவரது எளிய போர்வையைக் கொண்டுவருமாறு நபியவர்கள் கூறினார்கள். அழகு தடுக்கப்படவில்லை, அது தொழுகையில் குறுக்கிட்டபோது விலக்கப்பட்டது.

ஆக, மறைக்க வேண்டியதை மறைத்தல், ஒட்டாமலும் ஊடுருவித் தெரியாமலும் இருத்தல், பெருமையின்மை, விரயமின்மை, பிற மதத்தவரின் வழிபாட்டு அடையாளத்தைத் தாங்காமை ஆகியவையே நம் அறிஞர்கள் விளக்கும் வரம்புகள். அவ்வரம்புக்குள் எந்நாட்டுத் தையலுக்கும் இடமுண்டு. தக்வாவின் ஆடையே சிறந்தது என்று அல்குர்ஆன் (7:26) அறிவிக்கும்போது, அதற்கு நிறமும் வெட்டும் குறிக்கப்படவில்லை.

நம் வரலாறும் இதனையே கூறுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் பாட்டிமார் சேலையின்மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி நடந்தனர். வளைகுடாப் பயணங்கள் பெருகிய பின்னரே கறுப்பு அபாயா நம் தெருக்களை நிறைத்தது. அபாயா நல்ல உடை. எங்கள் வீட்டிலும் அது உண்டு. ஆனால், வெள்ளைத் துப்பட்டிக்குள் வாழ்ந்து மறைந்த அந்த மூதாட்டியரின் ஹயா எவ்வகையில் குறைந்தது? நவீனமாவதற்கு மேற்கத்தியராக வேண்டுமா என்று சீனத்து வடிவமைப்பாளர்கள் கேட்டனர். பேணுதலாக இருப்பதற்கு அரபியராக வேண்டுமா என்று நாமும் கேட்கலாம்.

சீனாவிலேயே நம் சகோதரிகள் இக்கேள்விக்குத் தம் வழியில் விடையளித்துள்ளனர். கான்சு மாகாணத்தின் லின்சியா பகுதி ஹுய் பெண்களிடையே, இளம்பெண்களுக்குப் பச்சை, நடுவயதினருக்குக் கறுப்பு, முதியோருக்கு வெள்ளை என்று தலைமறைப்பின் நிறம் மாறுவது மரபு. மார்க்கத்தின் வரம்பும் மண்ணின் மரபும் அங்கே ஒரே துணியில் இணைந்துள்ளன.

இத்தனையும் எழுதிவிட்டு மற்றொன்றை எழுதாமல் விடுவது அறமன்று. அதே நாட்டின் ஷின்ஜியாங் பகுதியில், 2017 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டவிதி, முகத்திரையையும் "இயல்புக்கு மாறான" தாடியையும் தடுத்தது. உய்குர் மக்களின் அத்லஸ் பட்டு, சாயம் கசிந்தாற்போன்ற வண்ணக் கோலங்களோடு மேடைகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் மின்னுகிறது. அதனை நெய்த சமுதாயத்தின் பெண்களுக்கோ தம் உடையைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை சுருங்கியது. அப்பகுதிப் பருத்தியில் கட்டாய உழைப்புக் கலந்திருப்பதாக எழுந்த குற்றச்சாட்டைச் சீன அரசு மறுக்கிறது. அமெரிக்காவோ 2022 ஜூன் முதல் அப்பகுதிப் பொருள்களைச் சட்டத்தால் தடுத்துள்ளது. தன் ஆடை மரபை மீட்டெடுத்த பெருமிதமும், பிறர் ஆடை மரபின்மேல் வைத்த கையும் ஒரே நாட்டில் இருக்கின்றன. ஆகவே, சீனத் துணி வாங்கும்போது பருத்தி எங்கிருந்து வந்தது என்று நாங்கள் வணிகரிடம் கேட்பதை வழக்கமாக்கிக் கொண்டோம். தெளிவான விடை கிடைக்காத சரக்கை விட்டுவிடுகிறோம். இதனால் இழந்த ஒப்பந்தங்கள் உண்டு. ரிஸ்கு அல்லாஹ்விடம் உள்ளது.

மகளின் கேள்விக்கு நாங்கள் அளித்த விடை சுருக்கமானது. "நீ மறைக்க வேண்டியதை மறைத்திருக்கிறாய், பெருமைக்காக உடுத்தவில்லை, உன் உடையில் தொழ முடிகிறது. அல்லாஹ்வுக்குப் பிடிக்காதது எதுவும் அதில் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் மூத்தவர்களிடம் ஸலாம் சொல்லாமல் ஒதுங்காதே." அவள் பின்னர் அப்பெண்மணியின் இல்லத்திற்கே சென்று, அவரிடமிருந்த பழைய வெள்ளைத் துப்பட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். அதன் ஓரத்துப் பூவேலையைத் தன் குறிப்பேட்டில் வரைந்துகொண்டாள். இப்போது அந்த வேலைப்பாட்டைத் தன் மேற்சட்டையின் கைகளில் அவளே தைத்துக்கொண்டிருக்கிறாள். முடிச்சுப் பொத்தான்கள் குவாங்சோவில் கற்றவை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் எந்நாட்டு உடையை விரும்பினாலும், முதலில் வரம்பைக் கற்றுக்கொடுங்கள். பின்னர் தேர்வை அவர்களிடம் விடுங்கள். வாங்கும் முன் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: இதில் தொழ முடியுமா? பல ஆண்டுகள் உடுத்த முடியுமா? இதனை நெய்தவருக்கு அநீதி நேரவில்லை என்று மனம் அமைதி கொள்கிறதா?

யா அல்லாஹ்! எங்கள் புறத்தை அழகாக்கியதுபோல் எங்கள் அகத்தையும் அழகாக்குவாயாக. தம் உடைக்காகவும் ஈமானுக்காகவும் துன்புறும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு விடுதலை அருள்வாயாக. எங்கள் பிள்ளைகளுக்குத் தக்வாவின் ஆடையை அணிவிப்பாயாக. ஆமீன்.